கமா அக்கா

"அக்கா, உங்க கீபோர்டுல கமா மட்டும்தான் வேலை செய்யுதா?"

ஆபீஸே சிரிச்சுது. கமா அக்கா சிரிக்கல. "விலாசம்னா சரியா இருக்கணும்ப்பா"ன்னு சொல்லிட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்டாங்க.

அந்தப் பேரை வெச்சதே இப்படிக் கேட்டவன்தான். அந்த பார்சல் கம்பெனில அவனுக்கும் ஒரு பேரு உண்டு. வாயாடி.

அவனுக்குக் குடுத்த வேலை சின்னதுதான். கிளைல இருக்கற அத்தனை பேர் விவரமும் அக்காவோட எக்செல் ஷீட்ல இருக்கு. கம்பெனியைப் புதுசா வாங்கினவங்க சிஸ்டத்துக்கு எக்செல் செரிக்காது. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான் வேணும். ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு கமா. ஷீட்டைப் படிச்சு அப்படி எழுதித் தள்ள வாயாடி ஒரு ப்ரோகிராம் எழுதிட்டான்.

"புது சம்பள சிஸ்டம்டா. இது மட்டும் போய்ச் சேரட்டும், நீ பர்மனென்ட்"னு மேனேஜர் ஆசை காட்டியிருந்தாரு. "இல்லன்னா காலம் பூரா டெம்பரரிதான்."

வீட்ல பொண்டாட்டிக்கு நிறைமாசம். குழந்தை குறுக்க கெடக்கு, ஆபரேஷன்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. டெம்பரரியா இருந்தாலும் கம்பெனி ஆஸ்பத்திரி கார்டு கையில இருந்ததாலதான் அவனுக்குச் சோறு இறங்குச்சு. ஆனா புள்ளை பொறந்தப்புறம்? அதுக்குப் பர்மனென்ட் ஆகியே தீரணும்.

ஃபைலோ போவேனாங்குது.

அந்தப் பக்கத்து சிஸ்டம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் ஃபைல் வாங்கும். அதுவும் அன்னைக்கு ஷீட்ல இருந்து எடுத்ததா இருக்கணும். காலைல வந்து பார்த்தா, அக்கா யாரோட விலாசத்துலயாவது "மேல் மாடி, பின் வாசல்"னு ஒரு கமாவைச் செருகியிருப்பாங்க. சிஸ்டம் கண்ணுக்கு மேல் மாடி விலாசம், பின் வாசல் போன் நம்பர். மொத்த ஃபைலையும் அப்படியே துப்பிடும்.

கையால கமாவை எடுத்தான். மறுநாள் புதுசா முளைச்சுது.

ஒவ்வொரு விவரத்துக்கும் மேற்கோள் குறி போட்டு மூட்டை கட்டினான். அக்கா வீட்டுப் பேருக்கு நடுவுல ஒரு மேற்கோள் குறி வெச்சு மூட்டையை அவுத்தாங்க. போதாததுக்கு ஒரே கட்டத்துக்குள்ள ஆல்ட்டோட சேர்த்து என்டர் தட்டி, ஒரு ஆளை ரெண்டு வரியாக்கிட்டாங்க.

"பொறாமைடா"ன்னாரு வேன் டிரைவர். "உன் ப்ரோகிராம் ஓடுச்சுன்னா அந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை?"

வாயாடிக்கும் அதான் பட்டுச்சு. எரிச்சல் பத்தாதுன்னு அக்கா தினமும் வந்து அவன் மேஜை பக்கம் நிப்பாங்க.

"வீட்ல எப்படி இருக்கா? ஆபரேஷன் தேதி மாறலியே?"

"அடுத்த புதன்தான்க்கா. தயவுசெஞ்சு அதுக்கு நடுவுல கமா போட்டுடாதீங்க, ரெட்டைப் புள்ளையாயிடும்."

அக்கா போய் மறுபடி ஷீட்டைத் திறப்பாங்க.

வியாழக்கிழமை சாப்பிடும்போதுதான் அவனுக்குப் பொறி தட்டுச்சு. கமா வேணாம். நடுவுல டேப் கீ போடற இடைவெளியை வெச்சுப் பிரிச்சா? அந்தப் பக்கம் அதையும் வாங்கிக்கும். முக்கியமா, எக்செல் கட்டத்துக்குள்ள டேப்பை அடிக்கவே முடியாது. அமுக்கினா அடுத்த கட்டத்துக்குத் தாவிடும். அக்கா தலைகீழா நின்னாலும் நடக்காது! மேற்கோள் குறியைச் சும்மா ஒரு எழுத்தா விட்டுட்டான். கட்டத்துக்குள்ள இருக்கற என்டரையெல்லாம் வெறும் இடைவெளியா மாத்தச் சொல்லி ரெண்டு வரி சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை காலைல தட்டினான். ஸ்கிரீன்ல பச்சை டிக்.

மேனேஜர் ஓடி வந்து முதுகுல தட்டினாரு. "நீ பெரிய ஆளுடா!"

அக்கா மெதுவா கீபோர்டுல இருந்து கையை எடுத்தாங்க. "போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா. உங்க கமா வியாபாரத்தை இன்னையோட இழுத்து மூடிடுங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள எல்லார் போனும் ஒண்ணா கத்துச்சு.

'கிளை மூடப்படுகிறது. அனைவரும் இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். மருத்துவ அட்டைகள் இன்று மாலை முதல் செல்லாது.'

டிரைவர் மறுபடி மறுபடி படிச்சாரு. யாரோ மேனேஜர் ரூம் கதவைத் தட்டினாங்க. உள்ள ஆளில்ல. பின்பக்கமா கார் கிளம்பற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

வாயாடி திரும்பினான். அக்கா டம்ளரையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கிட்டிருந்தாங்க. அவசரமே இல்ல.

"அக்கா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கிளையை மூடற லெட்டரை டைப் பண்ணதே நான்தானே. ஃபைல் போய்ச் சேர்ற அன்னைக்கே கணக்கு முடிச்சுடுவாங்கன்னு அதுலயே இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"உன்கிட்டயா? டீ வர்றதுக்குள்ள ஆபீஸ் முழுக்க ஜோக்கா சொல்லி முடிச்சிருப்ப. மேனேஜர் காதுக்குப் போயிருந்தா ஷீட்டை என் கையில விட்டு வெச்சிருப்பாரா?"

வாயாடி ஸ்கிரீன்ல இருந்த பச்சை டிக்கைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா பையைத் தோள்ல மாட்டினாங்க. "புதன்கிழமை வரைக்கும் உன் கார்டு உயிரோட இருக்கணுமேன்னுதான்ப்பா கமாவா போட்டுக்கிட்டிருந்தேன்."