ஐந்தாவது பொம்மை

ஐஸ் குச்சிப் பாலங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்த சகாயசெல்வி டீச்சர், நாலாம் வகுப்பு நாகஜோதியின் பாலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூன்று செங்கல் ஏற்றியும் அது அசைந்துகொடுக்கவில்லை.

"எந்த ஊருப் பாலம்டி இது?"

"எங்க ஊரு ஓடைக்கு டீச்சர். அங்க பாலமே இல்ல."

"ஏன் இம்புட்டு அகலம்? கார் போகவா?"

"இல்ல டீச்சர். நாலு பேரு சேந்து நடக்கணும்."

செங்கல்லை இறக்கியதும், நாகஜோதி ஐந்து களிமண் பொம்மைகளைப் பாலத்தின் மேல் பார்த்துப் பார்த்து வைத்தாள். நான்கு நின்றன. நடுவில் இருந்தது மட்டும் மல்லாந்து கிடந்தது.

"பாலத்த இம்புட்டு நல்லாச் செஞ்சுட்டு, பொம்மையில கோட்டை விட்டுட்டியே!"

முதல் பரிசு இவளுக்குத்தான் என்று டீச்சர் அப்போதே முடிவு செய்திருந்தார். தானே அந்தப் பொம்மையை எடுத்து, காலடியில் பசை தடவி, நிமிர்த்தி நிறுத்தினார்.

நாகஜோதி பதறிப்போய் அதைப் பிடுங்கி, பழையபடி படுக்கவைத்தாள்.

"அது விழுகல டீச்சர். அது எங்கம்மா. போன மழைக்கு, சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப, ஓடைத் தண்ணியில கை நழுவி விட்டுட்டாங்க. இன்னும் கிடைக்கல."