நான்கு பழைய துளைகள்

மேடையிலிருந்து விழுந்து உடல் நொறுங்கிப்போன ஒரு பேஸ் கிட்டாரின் கழுத்து அது. கிட்டார் செய்யும் ரெஜினால்டு அதைப் புதிய பலாமர உடலோடு பொருத்திப் பார்த்தார். திருகாணித் துளைகள் நான்கும் ஒரு நூல் அளவு தள்ளி நின்றன.

"பழசை அடைச்சிட்டுப் புதுசா போடணும்," என்றார்.

கழுத்து பதறிப்போய் பலாமரத்திடம் கேட்டது: "அடைச்சிட்டா, என் பழைய உடல் திரும்பி வரும்போது நான் எங்கே ஒட்டுவேன்?"

ரெஜினால்டு பலாமர உடலின் உள்பள்ளத்திலிருந்து ஒரு துண்டைச் சீவி, துளைகளை அடைக்க நான்கு மர முளைகள் செய்தார்.

முளைகளில் பசை தடவி, கழுத்தின் பழைய துளைகளில் அடித்து இறக்கினார். பக்கத்திலேயே புதுத் துளைகள் போட்டு, திருகாணி முடுக்கி, கம்பிகளைக் கட்டினார். தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினார்.

கழுத்து நடுங்கியது. "பழைய இடம்தான் அதிருது. உள்ளே யாரு?"

"நான்தான்," என்றது பலாமரம்.