கேட்கிறவர் நாற்காலி

"இன்னிக்கு நான் உக்காந்து கேக்கறேன் அண்ணாச்சி. நீங்க போய்த் திருகுங்க."

அந்த நாற்காலியை மட்டும் கேட்காதே என்று, தி.நகர் ஆடியோ கடையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். டவர் ஸ்பீக்கரோடு, அடித்தொனியான பேஸை மட்டும் தரும் சப்வூஃபர் பெட்டி ஒத்துப்போகிறதா என்று அதில் உட்கார்ந்து சொல்பவர் முதலாளி இசக்கிமுத்து. சப்வூஃபருக்குப் பின்னால் மண்டியிட்டுக் குமிழைத் திருகுபவள் நான். எங்கள் வீட்டில் முதல் பி.இ.

"டிகிரி பேசுதோ? உக்காரு" என்று எழுந்து கதவோரம் நின்றார்.

உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது.

"பேஸ் பத்தல. கொஞ்சம் ஏத்து, அன்பு" என்றார். என் பெயரைச் சொன்னது என்னைப் பார்த்தல்ல, சப்வூஃபரைப் பார்த்து.

"சரிங்க அண்ணாச்சி."

சப்வூஃபருக்குப் பின்னாலிருந்து வந்தது என் குரல்தான். நான் வாயே திறக்கவில்லை. பேஸ் ஏறியது. பின்னால் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. குமிழ் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"போதுங்களா அண்ணாச்சி?" என்றது அதே குரல்.

"போதும்மா" என்றவர் என்னிடம் திரும்பினார். "பணிவான புள்ளைலா?"

"அவளையே வெச்சுக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.