நூறு நாள் சிவப்பில்லை

"சார், நிறுத்துங்க!"

வினார்சி போட்ட கத்தலில், அவள் மேலதிகாரி ஹண்டோயோவின் கையிலிருந்த கத்தி, விருந்துக்காக வைத்திருந்த மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் மேல் அப்படியே நின்றது.

இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை. சுவரில் பேனர்: 'நூறு நாள், ஒரு சிவப்பும் இல்லை!' விருந்துக்கு இயக்குநர் அம்மாவே வந்திருந்தார். பத்து வருஷத்து ஸ்கேன் படங்களைப் புதுச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றியாயிற்று என்றார்கள். பழைய பெட்டியில் இருப்பதெல்லாம் பதினோரு மணிக்குத் தானாகவே அழிந்துவிடும்.

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா நம்ம சைரன் அக்கா!" என்றான் கூட வேலை பார்க்கும் டாமர். அறையே சிரித்தது.

ஹண்டோயோவின் மகள் கல்யாணத்தன்று திரையில் சிவப்பில் ஒரு அபாய எச்சரிக்கை வந்தது. வினார்சி பதறிப்போய் மண்டபத்துக்கே போன் போட்டுவிட்டாள். பார்த்தால், ஒரு வயர் கழன்றிருந்தது. அன்று வந்த பட்டப்பெயர் அது.

"இனிமே இந்தத் தொல்லையே இல்லாம நான் பார்த்துக்கறேன்!" என்று மறுநாள் குதித்தார் ஹண்டோயோ. சொன்னபடி அதற்கப்புறம் சிவப்பே வரவில்லை.

"என்ன, சிவப்பா?" இப்போது பல்லைக் கடித்தார்.

"இல்ல சார். நீலம்."

"நீலம்னா சும்மா தகவல். 'எல்லாரும் சௌக்கியம்'னு சொல்லுதா?"

மறுபடியும் சிரிப்பு. வினார்சிக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"நிறத்தை விடுங்க சார், எழுத்தைப் படிங்க! 'நகல் எடுக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்த படங்கள்: பூஜ்யம்.'"

டாமர் சிரித்துக்கொண்டே புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஐயோ! காலியா இருக்கு சார்!"

மணி பத்து ஐம்பத்தெட்டு.

"அழிக்கறதை நிறுத்துடா!" என்று அலறினார் ஹண்டோயோ. டாமர் அவசர அவசரமாகத் தட்டினான். முதல் தடவை பாஸ்வேர்ட் தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு. வினார்சி அவனைத் தள்ளிவிட்டு, தானே தட்டினாள்.

நின்றது. பத்து ஐம்பத்தொன்பது.

இயக்குநர் அம்மா கத்தியை வாங்கி, சோற்றின் உச்சியை வெட்டி வினார்சியின் தட்டில் வைத்தார். "இந்த மரியாதை உனக்குத்தாம்மா."

ஹண்டோயோவின் கைத்தட்டல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தம். "நான் பழக்கின ஆள் மேடம்!"

"அது சரி, இவ்வளவு பெரிய கோளாறு ஏன் நீலத்துல வந்துச்சு?"

"மெஷினுக்கு என்ன தெரியும் மேடம்... சோறு ஆறிடும், சாப்பிடுங்க."

அதற்குள் டாமர் செட்டிங்ஸைத் திறந்திருந்தான். "மேடம்! யாரோ சிவப்பையெல்லாம் நீலமா மாத்தி வச்சிருக்காங்க!"

"யாரு? எப்போ?"

டாமர் திரைக்குக் குனிந்து படித்தான்.

"நூறு நாளைக்கு முன்னாடி மேடம். கல்யாணத்துக்கு மறுநாள். சார் பேர்தான் போட்டிருக்கு... அதுவும் நீலத்துல."