நிமிர்ந்த காது

பேரிகை ஊர்த் தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர்: தோட்டத்துக்காரர் சென்னகிருஷ்ணன், அவர் மனைவி வெங்கடம்மாள், மகள் மேகலா, ஊர் ஆடுகளுக்குக் காயடிக்கும் திம்மராயன், திம்மராயனின் மகள் ரூபா. மேகலாவின் மூன்று மாத டாபர்மேன் குட்டி ப்ரூனோ, துண்டால் வாய் கட்டப்பட்டுச் சாக்கின்மேல் கிடந்தது.

குட்டியின் தலையைப் பிடித்துக்கொள்ள வந்திருந்த ரூபாவின் கண்கள், பிளேடை வெளியே எடுக்கும் முன்பே வீங்கியிருந்தன.

"பாரும்மா, நம்ம நாய் மேல இவளுக்கு எவ்வளவு பாசம்" என்று மேகலா தாயின் காதில் சொன்னாள்.

எல்லாம் சிவராஜ் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. தம் மகனுக்குப் பெண் பார்க்கக் கெலமங்கலத்திலிருந்து வந்தவர், வாசலில் ப்ரூனோவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்னாங்க, நாய் வாங்கியிருக்கேன்னீங்க, ஆட்டுக்குட்டி நிக்குது? காது தொங்குது, வால் ஆடுது. எங்க வீட்டு ரெண்டையும் வந்து பாருங்க. காது கொம்பு மாதிரி நிக்கும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனும் சிரித்தார். அவர்கள் போன பிறகு அன்று முழுவதும் அவர் சோற்றைத் தொடவில்லை.

மறுநாளே, காதை நிமிர்ந்து நிற்கும்படி வெட்டி வாலையும் நறுக்கிவிடுவதற்காகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் போனார். கால்நடை மருத்துவர் முடியாது என்றுவிட்டார். "சீக்குன்னா வெட்டுவேன். அழகுக்கு வெட்ட மாட்டேன்."

"என் பொண்ணுக்குக் காது குத்தினேனே, அதுவும் அழகுக்குத்தான டாக்டர்?"

"குத்தினீங்க. பாதிக் காதை வெட்டி வீசலையே."

வீட்டில் மேகலா அதைவிடப் பிடிவாதமாக நின்றாள். "வெட்டி ப்ரூனோ செத்துப்போனா, நான் நிச்சயத்துக்கு உட்கார மாட்டேம்ப்பா."

"சாகாது. அதுக்கு வேண்டியதைப் பண்ணிட்டுத்தான் கை வைப்பேன். இது என் வாக்கு."

சென்னகிருஷ்ணன் வாக்குத் தவறியதாக அந்த வட்டாரத்தில் எவரும் சொன்னதில்லை. அந்த வாக்கை நம்பித்தான் மேகலாவும் இன்று கொட்டகைக்கு வந்திருந்தாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"திம்மராயண்ணா, இதுக்கு முன்னாடி நாய்க்குச் செஞ்சிருக்கீங்களா?"

திம்மராயன் ஒருமுறை சென்னகிருஷ்ணனைப் பார்த்துக்கொண்டார். "செஞ்சிருக்கேன் பாப்பா. முந்தாநாளுகூட."

"மரத்துப்போக ஊசி?"

"ஆட்டுக்கு என்னிக்கு ஊசி போட்டோம்?" என்று சென்னகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "பேச்சு போதும். ஆரம்பிடா."

ரூபா குட்டியின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டாள். பிளேடு இறங்கியதும் துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் ஒரு நாயின் சத்தம் போலவே இல்லை. வெங்கடம்மாள் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். அந்த இரைச்சலில் மற்றது கேட்காமல் போயிற்று.

திம்மராயனின் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. இரண்டு காதையும் முடித்து வாலுக்கு வந்தபோது மட்டும் விரலால் எலும்பைத் தடவி நிறுத்தினார். "மூணாவது கணுவோட நிக்கணும். அதுக்கு மேல போனா ரத்தம் நிக்கவே நிக்காது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது கணுவில் வெட்டினார். ரத்தம் நின்றது.

மேகலா குட்டியை வாரி எடுத்துக்கொண்டாள். ரூபாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அழாதே ரூபா. ப்ரூனோ பொழச்சுக்குவான்."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரூபா கைகழுவப் போனாள்.

ப்ரூனோ பிழைத்தது. பதினைந்தாம் நாள் கெலமங்கலத்துக்காரர்கள் மூன்று காரில் நிச்சயத்துக்கு வந்து இறங்கியபோது, பிளாஸ்திரி சுற்றிய இரண்டு காதும் விறைத்து நிற்க, அது வாசலில் கட்டப்பட்டிருந்தது. சிவராஜ் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரூபா பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றும் நேரத்தில் சிவராஜின் மனைவி சரோஜம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேட்டுட்டுதான் தட்டை வாங்கணும். சூளகிரி சந்தையில ஒரே பேச்சாக் கெடக்குது. காது அறுக்கப் போயி உங்க நாய் துடிச்சுத் துடிச்சுச் செத்துப்போச்சாமே? வாசல்ல நிக்கறது வேற குட்டியாமே? சம்பந்தம் பேசின வீட்டுல இப்படி ஒரு சாவு விழுந்தா எப்படிங்க?"

வெங்கடம்மாளின் முகம் வெளுத்தது.

மேகலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பட்டுப்புடவையோடு எழுந்து ஓடிப்போய் ப்ரூனோவை அவிழ்த்து வந்தாள். அது அவள் கையை நக்கியது. இல்லாத வாலுக்குப் பதிலாக இடுப்பையே ஆட்டியது.

"இதோ பாருங்க அத்தை. வாசல்ல பாத்தீங்களே, அதேதான். எங்கப்பா வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

"அப்போ குழி தோண்டிப் புதைச்சதைக் கண்ணால பாத்தேங்கறாங்களே, அது பொய்யா?"

மேகலா பதிலுக்காகத் தகப்பனைப் பார்த்தாள்.

சென்னகிருஷ்ணன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவர் குரலில் பதற்றம் இல்லை. வீட்டின் மேல் விழுந்த பழியைத் துடைக்கும் நிதானம் இருந்தது.

"நம்ம வீட்டுல சாவே விழலைங்க. செத்தது இந்த ரூபாவோட நாய். திம்மராயனுக்குக் கை பழகட்டும்னு முதல்ல அதைத்தான் அறுக்கச் சொன்னேன்."