இரும்புக்கு வெந்நீர்க் குளியல்

"தண்ணியில போய் இரும்பைக் கழுவறதா? நாளைக்கே துருப்பிடிச்சுப் பல்லை இளிக்கும் பாருங்கம்மா!"

பட்டறை அதிரச் சிரித்தார் மாமா. அங்கே எல்லாருக்கும் அவர் மாமாதான். பிசுக்கேறிய உதிரிபாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது பதினெட்டு வருடமாக அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"துருவே பிடிக்காது சார். வெந்நீர்ல கலக்கற மருந்துலேயே அதுக்கும் வழி இருக்கு," என்றார் உதிரிபாகம் கழுவும் மிஷினை விற்க வந்தவர் பொறுமையாக.

முதலாளியம்மா கறாராகச் சொன்னார்: "ஒரு வாரமா மிஷின் சும்மா நிக்குது, மாமா தொடவே மாட்டேங்கறார். இன்னிக்கு மாமா கையை மிஷின் ஜெயிச்சா இருக்கட்டும். இல்லேன்னா சாயங்காலமே வண்டியில ஏத்திடுங்க."

கரியாய்க் கறுத்த இரண்டு கியர்கள் வந்தன. மிஷினுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று.

"எப்படி ஓட்டறதுன்னுதான் காட்டிட்டீங்களே, மிஷினையும் நானே ஓட்டிடறேன். நீங்க டீ குடிச்சுட்டு வாங்க. தொழில் ரகசியம், யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது!" கழுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார் மாமா.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது.

முதலாளியம்மா மிஷினில் கழுவிய கியரை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தார். பல்லிடுக்கிலெல்லாம் விட்டுத் துழாவினார். துணியில் ஒரு பொட்டு அழுக்கில்லை. "அடேங்கப்பா! வெறும் தண்ணியா இது?" என்றார்.

அடுத்து மாமாவின் கியர். அதே துடைப்பு, அதே வெள்ளை. பட்டறை ஆட்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். விற்பனைக்காரர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எத்தனையோ பட்டறை பார்த்துட்டேன் சார். மிஷினுக்குச் சமமா ஒரு மனுஷன் கையை இப்பத்தான் பார்க்கறேன்!" மாமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்படி ஒரு கை இருக்கும்போது மிஷின் எதுக்கு? ஏத்துங்க வண்டியில!" என்றார் முதலாளியம்மா பெருமையாக.

கைதட்டல் காதைப் பிளந்தது. மாமா ஓடிப்போய் மிஷினுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"அனுப்பிடாதீங்கம்மா! மிஷின்ல போட்ட கியர் வெளிய வந்த அழகைப் பார்த்து அசந்துபோயிட்டேன். பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் மண்ணெண்ணெய் பட்டுக் கை எரியாம நிக்கறேன்... என் கியரையும் இதுலதாம்மா கழுவினேன்!"