கிளட்ச் இல்லாத வண்டி

காரின் அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. ரங்கன் அதைப் பார்த்த மறுநொடி, அவன் கையிலிருந்த புளி உலுக்கும் கழி, காரோட்டி வந்தவனின் தோளில் இறங்கியது.

"யார் மேலடா ஏத்திட்டு வந்த? சொல்லு."

காலையில் ஸ்கூட்டியில் கலசப்பாக்கம் சந்தைக்குப் போன அவன் மனைவி அன்பரசி, வெயில் சாய்ந்தும் மலையேறி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. புளி உலுக்கிய மரத்தடியிலிருந்து அப்படியே கழியோடு தேடிப் புறப்பட்டவன் எதிரில், முன்பக்கம் நசுங்கிய இந்தக் கார் கீழேயிருந்து திணறி வந்து நின்றது.

"ரத்தம் இல்லீங்க, கியர் ஆயில்," என்றான் காரோட்டி சிவசங்கர், தரையில் உருண்டபடி. "வளைவுல பாறையில இடிச்சிட்டேன். அடியில கல்லு கிழிச்சிருக்கும்."

"ஆயில் கறுப்பாதான்டா இருக்கும். எங்க டிராக்டருல தெனம் பாக்கறேன், எனக்கே கதை சொல்றியா?"

அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் ஒன்று மண்ணில் தெறித்தது. விலக்கிவிட ஓடிவந்த ஊர்க்காரர்களும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் சேர்ந்து உதைக்க ஆரம்பித்தார்கள்.

ஜமுனாமரத்தூர் மெக்கானிக் சந்திரன் வந்திராவிட்டால் ஆளை முடித்தே இருப்பார்கள். அன்பரசியின் ஸ்கூட்டி ஈர மண்ணில் சாயாமல் நிற்க, ஸ்டாண்டில் இரும்புத் தட்டு பற்றவைத்துக் கொடுத்தவன் அவன். சேதி கேட்டு அவனும் தேட வந்திருந்தான்.

சொட்டியதை விரலில் தொட்டு முகர்ந்தான். காரில் ஏறி, கியரைப் போட்டு மிதித்தான். இன்ஜின் உறுமியது. சக்கரம் அசையவில்லை.

"வுட்ருங்கண்ணா. இது கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, இதுக்கு கியர் ஆயில் செவப்பாதான் இருக்கும். மொத்தமும் ஒழுகிப்போச்சு, அதான் இழுக்கல. அவர் சொல்றது நெசம்."

ரங்கன் கழியைப் புதருக்குள் வீசிவிட்டு, துண்டை நனைத்து சிவசங்கரின் வாயைத் துடைத்துவிட்டான்.

"பொண்டாட்டியக் காணோம்ங்க. புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சிடுங்க."

"பரவால்லீங்க. நான் பஸ் புடிச்சிப் போய்டறேன். வண்டி அப்டியே கெடக்கட்டும், யாரும் நோண்ட வேணாம்."

"அதெப்டிங்க? அடிச்ச கை, அதையாவது செய்ய வேணாமா? சந்திரா, எங்க கிழிஞ்சிருக்குன்னு பார்த்து அடைச்சுக் குடு."

சந்திரன் காருக்கடியில் புகுந்தான். சிக்கியிருந்த எதையோ பிடுங்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவன் கையில், ஆயில் வழிய, வளைந்த இரும்பு ஒன்று இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரங்கண்ணா... இது நான் பத்தவெச்ச தட்டு."